கல்லீரல் தளர்ந்தால் அறிவு ஏன் மயங்குகிறது?

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற நலவாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றுவது சைவ மரபு. திருமூலர் உடம்பைப் பேணுவதையும் ஆன்மிக நெறியின் ஒரு பகுதியாகவே கருதினார். ஆதலின், ஆலய மண்டபத்தில் உடல்நலம் பற்றிப் பேசுவது பொருந்தாத செயலன்று. கல்லீரலின் வழியே செல்ல வேண்டிய இரத்தம் தடைப்படும்போது மூளையில் என்ன நிகழ்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். கேட்பதற்கு இது மருத்துவ மாணவர்க்குரிய பாடம்போல் தோன்றலாம். ஆயினும், இதனை அறியாமையால் பல குடும்பங்கள் காப்பாற்றக்கூடிய உயிரைக் கைநழுவ விடுகின்றன. ஆகவேதான் இப்பொருள் பொதுமக்கள் முன் வைக்கப்படுகிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்கு வயது 55. கல்லீரல் இறுகிவிட்டது என்று மருத்துவர் சொல்லி ஈராண்டு ஆகிறது. அன்றே மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு, அவ்வாறே வாழ்ந்து வருகிறார். சில நாள்களாக அவர் பகலெல்லாம் உறங்குகிறார்; இரவெல்லாம் விழித்து வீட்டுக்குள் நடமாடுகிறார். மளிகைக் கடையில் மீதிப் பணத்தை எண்ணத் தடுமாறுகிறார். கையெழுத்து கோணிப் போகிறது. அதிர்ந்து பேசாதவர் மருமகள்மேல் எரிந்து விழுகிறார். “மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டார்” என்கின்றனர் அண்டை வீட்டார். “காற்றுக் கருப்பு அண்டிவிட்டது, போமோவிடம் அழைத்துச் செல்லுங்கள்” என்கின்றனர் உறவினர். “தூக்கம் கெட்டதுதான் காரணம், ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும்” என்று எண்ணுகிறார் மனைவி. மூன்று முடிவுகளும் தவறானவை. மூன்றாவது முடிவு உயிருக்கே உலை வைக்கக்கூடியது. அது ஏன் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கல்லீரலுக்கு இரு வழிகள்

பெரியவர் ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடையுள்ளது. வலப்பக்க விலா எலும்புகளுக்குள் அமைந்துள்ள இவ்வுறுப்புக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. இதயத்திலிருந்து தூய இரத்தத்தைக் கொண்டுவரும் தமனி ஒன்று. அதன்வழி வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எஞ்சிய முக்கால் பங்கு, குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரளும் ‘வாயிற்சிரை’ என்னும் பெரிய இரத்தக் குழாயின் வழியே வருகிறது.

உண்ட உணவின் சாரம் அனைத்தும் இந்த வாயிலைக் கடந்தே உடலுக்குள் செல்ல வேண்டும். சாரத்தோடு கழிவும் வருகிறது. புரத உணவைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதும், குடற்சுவரின் அணுக்கள் தம் தொழிலைச் செய்யும்போதும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகிறது. கல்லீரல் அதனைப் பற்றி, யூரியா என்னும் தீங்கற்ற பொருளாக மாற்றுகிறது. யூரியா சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஹான்ஸ் கிரெப்ஸ், குர்ட் ஹென்செலைட் ஆகிய இருவரும் 1932இல் ஜெர்மனியில் கண்டு விளக்கினர்.

மதுப்பழக்கம், ‘பி’ வகை, ‘சி’ வகைக் கல்லீரல் அழற்சி, நீரிழிவோடும் உடற்பருமனோடும் வரும் கொழுப்பு ஈரல் ஆகியவற்றால் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் புண்பட்டால், அதன் மென்மையான திசு தழும்பாகி இறுகிவிடுகிறது. ‘சிரோசிஸ்’ எனப்படுவது இதுவே. இறுகிய கல்லீரலுக்குள் இரத்தம் எளிதில் நுழைவதில்லை. வாயிற்சிரையில் அழுத்தம் ஏறுகிறது. வெள்ளம் வந்த ஆறு கரையை உடைத்துக்கொண்டு புது வழி தேடுவதைப்போல், இரத்தம் உணவுக்குழாய், இரைப்பை, மண்ணீரல், கொப்பூழ் ஆகியவற்றின் அருகிலுள்ள சிறு சிரைகளை விரித்துக்கொண்டு, கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குச் சென்றுவிடுகிறது. தூய்மை செய்யப்படாத அந்த இரத்தமே பின்னர் மூளைக்கும் போய்ச் சேர்கிறது.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஆய்வு

இவ்வுண்மை முதலில் வெளிப்பட்டது ரஷ்ய நாட்டில். 1877இல் நிக்கொலாய் எக் என்னும் இராணுவ மருத்துவர், நாய்களின் வாயிற்சிரையை உடலின் பெருஞ்சிரையோடு நேரே இணைக்கும் அறுவையைச் செய்தார். எட்டு நாய்களில் ஏழு விரைவில் இறந்தன. பிழைத்த ஒன்று இரண்டரை மாதம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவிட்டது.

1893இல் அதே செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இவான் பாவ்லோவும் அவர்தம் குழுவினரும் அந்த அறுவையைத் திறம்படச் செய்து, நாய்களை நெடுநாள் வாழவைத்தனர். அப்போது புதுமையான ஒன்றைக் கண்டனர். சாதுவாக இருந்த நாய்கள் சினங்கொண்டன, தள்ளாடி நடந்தன, வலிப்புக்கும் மயக்கத்துக்கும் ஆளாயின. இறைச்சி உண்டபின் இக்கோளாறு மிகுந்தது. கல்லீரலைச் சுற்றிச் சென்ற இரத்தம் மூளையைத் தாக்குகிறது என்பதற்கு அதுவே முதற்சான்று. பாவ்லோவ் செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார்.

மனிதரிடம் இந்நோயைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் ஷீலா ஷெர்லாக். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1954இல் வெளியிட்ட கட்டுரை, மனக்குழப்பத்துக்கும் திசைமாறிய இரத்த ஓட்டத்துக்கும் உள்ள உறவை நிலைநாட்டியது. ஐந்தாண்டு கழித்து, பிரிட்டனில் மருத்துவப் பேராசிரியர் பதவியை ஏற்ற முதற்பெண்மணி என்னும் சிறப்பும் அவரையே சேர்ந்தது.

மூளையின் பூட்டுகளும் திறவுகோல்களும்

இனி மூளைக்குள் நிகழ்வதைப் பார்க்கலாம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பவை அல்ல. இரண்டுக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணு தன் செய்தியைச் சொல்ல வேண்டுமானால், ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் வெளியிடுகிறது. அடுத்த அணுவின் மேற்பரப்பில் அதனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. அவையே ‘ஏற்பிகள்’. வேதிப்பொருளைத் திறவுகோல் என்றால், ஏற்பியைப் பூட்டு எனலாம். உரிய திறவுகோல் நுழைந்தால்தான் பூட்டு திறக்கும்.

மூளையில் முதன்மையான திறவுகோல்கள் இரண்டு. ‘குளூட்டமேட்’ என்பது அணுவைத் தூண்டி எழுப்புவது. ‘காபா’ என்பது அணுவை அடக்கி அமைதிப்படுத்துவது. தூண்டுதலும் அடக்குதலும் தராசின் இரு தட்டுகள்போல் சமமாக இருக்கும்வரை மனிதன் தெளிவாகச் சிந்திக்கிறான். உரிய நேரத்தில் உறங்கி உரிய நேரத்தில் விழிக்கிறான்.

அம்மோனியா மூளைக்குள் மிகுந்து வரும்போது அதனைச் சமாளிக்கும் பொறுப்பு, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ‘விண்மீன் அணுக்கள்’ மீது விழுகிறது. விண்மீன் வடிவினவாதலின் அவற்றுக்கு இப்பெயர். அவை அம்மோனியாவைக் குளூட்டமேட்டுடன் சேர்த்துக் ‘குளூட்டமின்’ என்னும் பொருளாக மாற்றுகின்றன. குளூட்டமின் அணுவுக்குள் குவிந்தால், அது நீரை இழுத்துக்கொள்கிறது, அணு வீங்குகிறது. வீங்கிய அணு, நரம்பணுக்களுக்குச் செய்ய வேண்டிய தொண்டினை ஒழுங்காகச் செய்வதில்லை.

அதோடு முடிவதில்லை. அல்லலுற்ற விண்மீன் அணுக்கள் ‘நரம்பு ஸ்டீராய்டு’ எனப்படும் சில பொருள்களை மிகுதியாகச் சுரக்கின்றன. அவை காபா ஏற்பியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அதன் வாயிலை வழக்கத்தைவிட மிகுதியாகத் திறக்கச் செய்கின்றன. அவ்வாயில் வழியே குளோரைடு நரம்பணுவுக்குள் பாய்கிறது. அணு அடங்கிப் போகிறது. தராசின் அடக்கும் தட்டு தாழ்ந்துவிடுகிறது. பகலுறக்கமும் மந்தமும் மறதியும் இதன் விளைவுகளுள் அடங்கும்.

தூண்டும் தட்டிலும் கோளாறு நேர்கிறது. கல்லீரல் திடீரெனச் செயலிழந்து அம்மோனியா வெள்ளமாய்ப் பெருகினால், குளூட்டமேட்டின் ‘என்.எம்.டி.ஏ.’ என்னும் ஏற்பிகள் அளவுமீறிக் கிளர்ச்சியுற்று அணுக்களுக்குக் கேடு விளைகிறது. நாட்பட்ட நோயிலோ நிலைமை தலைகீழ். அந்த ஏற்பியிலிருந்து அணுவின் உட்புறம் செல்லும் செய்தித்தொடர் தளர்ந்துவிடுகிறது. வாயிற்சிரையைத் திசைமாற்றிய எலிகளில் கற்கும் திறன் குன்றுவதையும், அச்செய்தித்தொடரைச் சீராக்கினால் அத்திறன் மீள்வதையும் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

தூக்க மாத்திரை ஏன் நஞ்சாகிறது?

1977இல் அறிவியலார் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். டயாசெபம் முதலிய தூக்க மருந்துகள் மூளையில் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்து வேலை செய்கின்றன. அந்த இடம் வேறெங்கும் இல்லை. காபா ஏற்பியிலேயே உள்ளது.

1982இல் ஷேஃபர், ஜோன்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், கல்லீரல் நோயாளியின் மனமயக்கத்துக்குக் காபா ஏற்பியே காரணம் என்று கருத்துரைத்தனர். குடலிலிருந்து வரும் காபாவே மூளையை அடைகிறது என்று அவர்கள் எண்ணிய பகுதி பிற்காலத்தில் நிலைபெறவில்லை. ஆயினும், அந்த ஏற்பியை அவர்கள் சுட்டிக்காட்டியது வீண்போகவில்லை. தூக்க மருந்தின் பிடியிலிருந்து காபா ஏற்பியை விடுவிக்கும் ‘ஃபுளூமசெனில்’ என்னும் ஊசிமருந்தைக் கல்லீரல் மயக்கத்தில் இருந்தோர்க்குச் செலுத்தியபோது, சிலர் சற்று நேரத்துக்குத் தெளிவு பெற்றனர். அத்தெளிவு நீடிக்கவில்லை, உயிர்காக்கும் பயனும் நிறுவப்படவில்லை. ஆதலின், அது வழக்கமான மருத்துவமாகக் கொள்ளப்படுவதில்லை. என்றாலும், மயக்கத்தில் இந்தப் பூட்டுக்கும் பங்குண்டு என்பதை அது மெய்ப்பித்தது.

இப்பொழுது, முன்னர்ச் சொன்ன மனைவியின் எண்ணத்துக்குத் திரும்பலாம். கல்லீரல் இறுகியவரின் மூளையில் காபா ஏற்பி ஏற்கெனவே அளவுமீறித் திறந்து கிடக்கிறது. அதே பூட்டில் தூக்க மாத்திரை என்னும் இன்னொரு திறவுகோலும் நுழைந்தால், அரைத்தூக்கம் முழுமயக்கமாகிறது. மாத்திரையை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ தளர்ந்து கிடக்கிறது; ஆகவே மருந்து உடலில் நெடுநேரம் தங்குகிறது. அன்போடு கொடுத்த ஒரு மாத்திரை, நோயாளியை நினைவிழக்கச் செய்து மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடலாம். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடும் வலிநீக்கி ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மருத்துவரின் சொல் இல்லாமல் இவற்றுள் எதனையும் கொடுத்தல் ஆகாது.

அறிகுறிகளை அறிதல்

இந்நோய் படிப்படியாக வருவது. முதலில் பகலும் இரவும் இடம் மாறும். கவனம் சிதறும்; கூட்டலும் கழித்தலும் தடுமாறும்; குணம் மாறும். அடுத்து, நாள், கிழமை மறக்கும், பேச்சு குழறும், பொருந்தாத செயல்கள் தோன்றும். பின்னர், எழுப்பினால் மட்டும் விழிக்கும் நிலை வரும். இறுதியில் நினைவு முற்றிலும் நீங்கும். சிலரிடம் மூச்சில் ஒருவகை இனிப்பு கலந்த நாற்றம் தோன்றும்.

கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரிக்கச் சொன்னால், பறவை சிறகடிப்பதுபோல் கைகள் சட்டெனத் தாழ்ந்து தாழ்ந்து எழும். 1949இல் பாஸ்டன் நகரின் ஆடம்ஸ், ஃபோலி ஆகிய மருத்துவர்கள் இந்த அசைவை விவரித்தனர். 1 முதல் 25 வரை தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்லி, ஆகும் நேரத்தைக் கணக்கிடும் சோதனையும் உண்டு. வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றுவோரிடம் மறைந்திருக்கும் தொடக்கநிலையை அது காட்டிவிடும். அத்தகையோர் வாகனம் ஓட்டுவது தமக்கும் பிறர்க்கும் ஆபத்தாகலாம். லாரி, பேருந்து, டாக்சி ஓட்டிப் பிழைப்போர் கல்லீரல் நோய்க்கு ஆளாயின், இதனை மருத்துவரிடம் மறவாது கேட்டறிதல் வேண்டும்.

தெளிவாக இருந்தவர் திடீரென மயங்கத் தூண்டுகோல்கள் உள்ளன. மலச்சிக்கல், இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ இரத்தக்கசிவு, நோய்த்தொற்று, வாந்தி பேதியால் நீரிழப்பு, நீர்போக்கும் மாத்திரையின் மிகை, உப்புச்சத்துகளின் குறைவு, தூக்க மருந்து ஆகியவை அவை. மலம் கரிய தார்போல் கழிந்தால், அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். நீரிழிவு மருந்து உண்போரின் சர்க்கரைக் குறைவும், தலையில் அடிபட்டதால் நேரும் உட்கசிவும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். ஆதலின், வீட்டிலிருந்தபடி தீர்மானிக்க முயலாது, உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்பவை அவசர வண்டியை அழைக்கும் எண்கள்.

தீர்க்கக்கூடிய மயக்கம்

இந்நோயில் நம்பிக்கை தரும் செய்தி யாதெனில், தூண்டுகோலைக் கண்டு நீக்கினால் பெரும்பாலோர் தெளிவு பெறுகின்றனர் என்பதே. நேற்று மகளின் பெயரை மறந்தவர், உரிய மருத்துவத்தால் ஓரிரு நாளில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதுண்டு. மருத்துவத்தின் முதற்கருவி ‘லாக்டுலோஸ்’ என்னும் இனிப்பு நீர்மருந்து. 1966 முதல் இந்நோய்க்குப் பயன்பட்டு வருவது. சிறுகுடலில் செரிக்காத இந்தச் சர்க்கரை பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அமிலச் சூழலில் அம்மோனியா இரத்தத்துக்குள் ஏறமுடியாத வடிவை அடைந்து, மலத்தோடு வெளியேறுகிறது.

நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை இளக்கமாக மலம் கழிவதே இம்மருந்தின் இலக்கு. ‘வயிறு போகிறது’ என்று வெட்கப்பட்டு மருந்தை நிறுத்துவோர் பலர். நிறுத்தினால் மயக்கம் திரும்பும். அளவுமீறிக் குடித்தாலும் நீரிழப்பால் மயக்கம் வரும். அளவறிந்து கொடுக்கும் பொறுப்பு குடும்பத்தாருடையது. மயக்கம் மீண்டும் மீண்டும் வருவோர்க்கு ‘ரிஃபாக்சிமின்’ என்னும் மாத்திரை சேர்க்கப்படுகிறது. 2010இல் வெளியான ஆய்வில் 299 நோயாளிகள் பங்கேற்றனர். அம்மாத்திரை உண்டோருள் ஆறு மாதத்தில் 22 விழுக்காட்டினர்க்கே மயக்கம் திரும்பியது. உண்ணாதோருள் அது 46 விழுக்காடு. அவர்களுள் பெரும்பாலோர் லாக்டுலோஸையும் தொடர்ந்து உட்கொண்டவர்கள்.

கல்லீரல் முற்றிலும் தளர்ந்தோர்க்கு மாற்று அறுவையே வழி. சிங்கப்பூரில் 1990இலும், மலேசியாவில் 1995இலும் கல்லீரல் மாற்று அறுவை தொடங்கியது. உறுப்பு தானத்துக்கு முன்வருவோர் பெருகினால், இவ்வழி மேலும் பலருக்குத் திறக்கும்.

விரதமும் நேர்த்திக்கடனும்

திருவிழாக் காலத்தில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காவடிக்கும் தீமிதிக்கும் விரதம் ஏற்போருள் கல்லீரல் நோயாளிகளும் இருப்பர். நலமுள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலில் நேரும் மாற்றம், கல்லீரல் இறுகியவருக்கு ஓர் இரவுப் பட்டினியிலேயே நேர்கிறது. சேமிப்பு இல்லாத உடல், தன் தசையைக் கரைத்து உயிர்வாழ்கிறது. தசையோ, கல்லீரல் தவறவிட்ட அம்மோனியாவில் ஒரு பகுதியை ஏற்று அகற்றும் துணைவன். தசை குறைந்தால் மூளைக்குச் செல்லும் அம்மோனியா மிகும்.

ஆகவே, ஒருவேளை மட்டும் உண்ணும் விரதமும், நீரும் அருந்தாத நோன்பும் இவர்களுக்கு ஆகா. சைவ உணவு விரதமோ இவர்களுக்கு மிக ஏற்றது. பருப்பு, பயறு, தயிர், பால் ஆகியவற்றின் புரதத்தை இவர்களின் உடல் இறைச்சிப் புரதத்தைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறது. காய்கறிகளின் நார் மலச்சிக்கலையும் நீக்குகிறது. விழித்திருக்கும் வேளையில் 3 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உண்பதும், உறங்கப்போகுமுன் சிற்றுணவு ஒன்று உண்பதும் நன்று.

‘ஈரல் நோய்க்குப் பருப்பும் ஆகாது, பாலும் ஆகாது’ என்று புரதத்தை அறவே நிறுத்தும் வழக்கம் முற்காலத்தில் மருத்துவரிடையேயும் இருந்தது. அது தவறென்று தெளிந்தாயிற்று. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி. நேர்த்திக்கடன் உள்ளவர், விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்பதில் குற்றமில்லை. அடியவர் தம் உடலை வருத்தி உயிரிழப்பதை எந்தத் தெய்வமும் கேட்டதில்லை.

வருமுன் காத்தல்

தோட்டப்புறங்களில் கள்ளும், பின்னர்ச் சம்சுவும் எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்தன என்பதை மூத்தோர் அறிவர். மதுவை விட்டொழித்தல் முதற்காப்பு. பிறந்த குழந்தைகள் அனைவர்க்கும் ‘பி’ வகைக் கல்லீரல் அழற்சிக்குத் தடுப்பூசி போடும் திட்டம் சிங்கப்பூரில் 1987இலும், மலேசியாவில் 1989இலும் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தோர் ஒருமுறை இரத்தச் சோதனை செய்துகொள்வது நலம். மதுவையே அறியாத இல்லத்தரசியருக்கும் நீரிழிவு, உடற்பருமன், கொழுப்பு ஈரல் ஆகியவற்றின் வழியே இந்நோய் வரக்கூடும். ஆதலின், கல்லீரல் நோயாளி என்றாலே குடிகாரர் என்று முடிவு கட்டுவது அநீதி.

நிறைவாக ஒன்று. கல்லீரல் இறுகியவர் நிலைதடுமாறிப் பேசினால், அது அவருடைய குணக்கேடும் அன்று, பைத்தியமும் அன்று, பேயின் செயலும் அன்று. திசைமாறிய இரத்தம் மூளையின் பூட்டுகளைப் பிறழச் செய்த கோளாறு அது. ஏச வேண்டிய இடத்தில் ஏசாமல், தூக்க மாத்திரையைத் தேடாமல், தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பமே அவரை மீட்கும் குடும்பம். ஆலயத்தில் அருச்சனை செய்து வேண்டிக்கொள்வது நல்லது. வேண்டுதல் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலும் நிகழலாம்.